பீரோ மேல் கிடக்கும் மடிக்கணினிக்கு எந்த எஸ்எஸ்டி?

ஆனி, ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும்போது, முப்பந்தல் வரை நிற்கும் காற்றாலைகளோடு ஒரு கேள்வியும் சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1990களில் நட்ட, 225, 250 கிலோவாட் திறன்கொண்ட சிறிய காற்றாலைகளை என்ன செய்வது? அடியோடு பெயர்த்துவிட்டுப் பெரியதாய் ஒன்றை நடுவதா, தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா? தமிழக அரசு 2024இல் வெளியிட்ட கொள்கையின் பெயரிலேயே திறன் உயர்த்துதல், புதுப்பித்தல், ஆயுள் நீட்டிப்பு என்று மூன்று வழிகளும் அருகருகே இடம்பெற்றன. எந்த இயந்திரத்துக்கு எந்த வழி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். அதே கணவாயின் கீழே உள்ள வீடுகளில், பீரோ மேலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கும் மடிக்கணினிகளுக்கு இந்த நியாயம் கிடைப்பதில்லை. ‘ஸ்லோ ஆயிட்டு’ என்ற ஒற்றை வரித் தீர்ப்போடு அவை ஓரங்கட்டப்படுகின்றன. அடுத்த வாரமே நாகர்கோவிலில் புதிய கணினிக்குத் தவணை போடுகிறார்கள்.

இப்படிக் கிடப்பவை எத்தனை என்பதை ஊகிக்க ஒரு கணக்கு இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை அரசு, தன் நிறுவனமான எல்காட் வழியாக வாங்கி மாணவர்களுக்கு வழங்கியது. சொந்தப் பணத்தில் வாங்கியவை தனி. அந்தக் காலத்து மலிவு விலைக் கணினிகள் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க். என் வாதம் இதுதான்: இவற்றில் பலவற்றைப் படுக்க வைத்தது அந்த ஒரே பாகம். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் கணினி எழுந்து உட்காரும். அதற்கு விலை உயர்ந்த எஸ்எஸ்டி தேவையில்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம், பெரும்பாலான வீடுகளில் வீண்.

இதற்கான சான்று எங்கோ ஆய்வகத்தில் இல்லை, அவரவர் கணினியிலேயே இருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஹேங் ஆகி நிற்கும் நேரத்தில் பார்த்தால், டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பக்கத்திலேயே சிபியு பத்தில், இருபதில் சோம்பிக் கிடக்கும். மூளை சும்மா இருக்கிறது, பரணிலிருந்து பாத்திரம் இறக்கித் தருபவர்தான் திணறுகிறார். காரணம் எளிய இயற்பியல். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. விநாடிக்கு 90 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான தகவல் வாசிப்பு முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. ஆக, ஒரு சிறு கோப்பைத் தொடவே 17, 18 மில்லி விநாடி போகிறது. விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் தொட முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்கவோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொட வேண்டும். பின்னணியில் ஓடும் வைரஸ் தடுப்பானும் அப்டேட்டும் அதே முனைக்காக வரிசையில் நிற்கின்றன. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முனையும் இல்லை. எந்தக் கோப்பானாலும் சுமார் பத்தில் ஒரு மில்லி விநாடியில் கைக்கு வந்துவிடும். அறுபது எங்கே, பத்தாயிரம் எங்கே?

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் நுழைய வேண்டும். ஏனென்றால் கடையில் நமக்குக் காட்டுவது வேறு எண். சாட்டா வகை எஸ்எஸ்டியின் அட்டையில் விநாடிக்கு 550 எம்பி என்றிருக்கும். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறைக்கு 3,500, நான்காம் தலைமுறைக்கு 7,000, ஐந்தாம் தலைமுறைக்கு 14,000 வரை. பார்த்தவுடன் முதலாவது மாட்டுவண்டி, கடைசியது ராக்கெட் என்று தோன்றும். ஆனால் அந்த எண்கள், ஒரே பெரிய கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். அன்றாடம் நாம் செய்வது அதுவல்ல. பிரவுசர் திறப்பதும், வேர்டு கோப்பு திறப்பதும், கணினி தொடங்குவதும் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் பொறுக்கும் வேலை. அந்த வேலையில் நல்ல சாட்டா எஸ்எஸ்டிக்கும் நல்ல நான்காம் தலைமுறை என்விஎம்இக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இரண்டு மடங்குதான், அட்டையில் காணும் பன்னிரண்டு மடங்கு அல்ல. பத்தில் ஒரு மில்லி விநாடி இருபதில் ஒன்றாகக் குறைவதை மனிதக் கண் கண்டுபிடிக்காது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் அந்தத் தாவலை ஆறு வயதுக் குழந்தையும் உணரும். எஸ்எஸ்டியிலிருந்து இன்னொரு எஸ்எஸ்டிக்குத் தாவுவதை அளவிட ஸ்டாப்வாட்ச் வேண்டும்.

வீடியோ எடிட்டிங் செய்பவர், பல நூறு ஜிபி கோப்புகளை நாள்தோறும் நகர்த்துபவர், பெரிய கேம்கள் ஆடுபவர் இதை மறுப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அவர்களுக்கு என்விஎம்இயின் பெரிய எண் உண்மையிலேயே பயன்படும், அதைத் தாங்கும் கணினியும் பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். நம் பேச்சு பழைய கணினியைப் பற்றியது. 2012, 2013 காலத்து மடிக்கணினியில் என்விஎம்இ செருக இடமே இருக்காது. சிலவற்றின் சாட்டா இணைப்பே பழைய தலைமுறை என்பதால் 550இல் பாதி வேகம்தான் கிடைக்கும். அப்போதும் கவலையில்லை. பாதியானது பெரிய கோப்பின் வேகம். சிறு கோப்பைத் தொடும் வேகத்துக்கு அந்தப் பாதியே போதும். அடுத்த கணினிக்கும் ஆகட்டும் என்று இன்றே விலை கூடியதை வாங்கி வைப்பதும் ஒரு வாதமாகச் சொல்லப்படுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். அடுத்த கணினி வாங்கும்போது அதற்குள்ளேயே ஓர் எஸ்எஸ்டி இருக்கத்தான் போகிறது.

எனவே வேகத்தை விட்டுவிட்டு, முதலில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பணம் வீணாவது இங்கேதான் அதிகம். பழைய மடிக்கணினிக்குப் பொதுவாக இரண்டரை அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். கொஞ்சம் புதிய கணினிகளில் எம்.2 என்ற சிறு செருகுவாய் இருக்கும். சூயிங்கம் பட்டை போன்ற எஸ்எஸ்டி அதில் நுழையும். இதில் ஒரு பொறி உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், உள்ளே ஓடும் மொழியின் பெயரல்ல. சில செருகுவாய்கள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் கையேட்டில் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. டெஸ்க்டாப் கணினியில் சிக்கல் குறைவு: ஒரு சாட்டா கேபிளும் பவர் சப்ளையில் காலியான ஒரு பின்னும் இருந்தால் போதும். பழைய மதர்போர்டில் அடாப்டர் வைத்து என்விஎம்இ மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதிலிருந்து கணினி பூட் ஆகுமா என்று திருப்பிக் கேளுங்கள். 2014க்கு முந்தைய பல மதர்போர்டுகளில் ஆகாது. மிக மலிவான சில சிறு மடிக்கணினிகளில் சேமிப்பகம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செய்ய ஒன்றுமில்லை.

பொருந்துவது உறுதியான பிறகு பார்க்க வேண்டியது கொள்ளளவு, உத்தரவாதம், யார் விற்கிறார்கள் என்பது. விண்டோஸும் ஆபீஸும் நாலைந்து மென்பொருளும் சேர்ந்தாலே 128 ஜிபி மூச்சு முட்டும். எஸ்எஸ்டி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பினால் எழுதும் வேகம் தளரத் தொடங்கும். 256 ஜிபி குறைந்தபட்சம், 500 ஜிபி நிம்மதி. வேகத்துக்குக் கொடுக்கவிருந்த பணத்தைக் கொள்ளளவுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். மலிவு சாட்டா எஸ்எஸ்டிகளில் தனியாக டிராம் நினைவகம் இருக்காது, செல்லுக்கு நான்கு பிட் திணிக்கும் கியூஎல்சி சில்லுகளும் இருக்கக்கூடும். பெரிய கோப்புகளை எழுதும்போது அவை ஹார்ட் டிஸ்க்கை விடவும் தள்ளாடுவதுண்டு. பாடமும் பில்லிங்கும் பார்க்கும் வீட்டுக்கு அதுகூடத் தாங்கும். தாங்காதது போலி. 2 டிபி எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்குள் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறதே, அதன் உள்ளே பலநேரம் ஒரு சிறு மெமரி கார்டுதான் ஒட்டப்பட்டிருக்கும். கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அது எழுதப்பட்டிருக்கும். இடம் தீர்ந்த பிறகும் கோப்புகளை ஏற்பதுபோல் நடிக்கும், பிறகு திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமிராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதிப் படித்து இந்தப் பொய்யை வெளிக்கொண்டுவரும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் அது எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற அச்சம் சர்வீஸ் கடைகளில் இன்னும் உலவுகிறது. அச்சத்துக்கு அடிப்படை உண்டு: ஃபிளாஷ் செல்களில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்ற வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த வரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாம்சங் 870 ஈவோ வகையில் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுதும் வரை. தினமும் 20 ஜிபி எழுதுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம், இது தாராளமான கணக்கு. ஆண்டுக்கு 7.3 டெராபைட் ஆகிறது. 300ஐ எட்ட 41 ஆண்டுகள். அதற்குள் கீபோர்டில் எழுத்து அழிந்து, கீல் உடைந்து, பேட்டரி உப்பிப் போயிருக்கும். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் கொடுத்து எச்சரிக்கும். எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல், கட்டுப்படுத்தும் சில்லோ மென்பொருளோ கெட்டு, காலையில் ஆன் செய்தால் எழாது. அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். விலை உயர்ந்ததும் விதிவிலக்கல்ல. 2023 தொடக்கத்தில் சாம்சங்கின் 990 புரோ எஸ்எஸ்டிகளில் ஆயுள் சதவீதம் தாறுமாறாகக் குறைவதாகப் புகார் எழுந்து, நிறுவனம் ஃபர்ம்வேரைத் திருத்தி வெளியிட்டது. மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தாலும் எஸ்எஸ்டியில் உள்ள தகவல் மெல்லக் கசியும். எழுதும் வரம்பை முழுதும் எட்டிய எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் சர்வதேசத் தரக் குழுவான ஜெடெக் சாதாரணக் கணினிகளுக்கு வைத்துள்ள அளவுகோல். நம் வீட்டுப் பீரோ மேல் சித்திரையில் வெப்பம் 30இல் நிற்பதில்லை. ஆகவே கல்யாண ஆல்பத்தையும் சர்டிபிகேட் ஸ்கேன்களையும் எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டிவைப்பது தவறு. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியாமல், மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டத்துக்கு ஆகாவிட்டாலும் களஞ்சியத்துக்கு அது இன்னும் ஆகும்.

எல்லாவற்றையும் விட வலுவான ஆட்சேபம் விண்டோஸிடமிருந்து வருகிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் கேட்கிறார்கள். பழைய இலவச மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்த வாசலில் நுழைய முடியாது. செத்த கணினிக்கு எதற்கு எஸ்எஸ்டி என்று கேட்பது நியாயம்தான். இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11க்கான தேவைப் பட்டியலில் சேமிப்பகம் 64 ஜிபி இருந்தால் போதும் என்றுதான் உள்ளது, எஸ்எஸ்டி கட்டாயமில்லை. நன்றாக ஓடக்கூடிய பழைய கணினிக்கு அனுமதியில்லை, ஹார்ட் டிஸ்க்கோடு நொண்டும் புதியதற்கு அனுமதி உண்டு. போகட்டும். பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளைக் கட்டாயம் ஓட்ட வேண்டியவர்களுக்கு அது ஒரு தவணை. மற்றவர்களுக்கு லினக்ஸ் இருக்கிறது. அது நமக்குப் புதியதும் அல்ல. முதல் ஆண்டுகளில் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. யாரும் சொல்லித் தராததால் யாரும் திறக்கவில்லை. பக்கத்து மாநிலமான கேரளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தன் சொந்த லினக்ஸைத் தயாரித்துப் பள்ளிக் கணினிகளில் நிறுவியது. 2019இல் இரண்டு லட்சம் கணினிகளில் அதைப் போட்டபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தத் தொகையைப் பற்றி விவாதிக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் லினக்ஸில் அன்றாட வேலையைச் செய்கிறார்கள் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

விலை ஏறிவிட்டதே என்பது இன்றைய புலம்பல், அதுவும் பொய்யில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து எஸ்எஸ்டி, ராம் இரண்டும் ஏறின. மைக்ரான் நிறுவனம் சில்லறைச் சந்தைக்கான குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம்பகமான பெயர் ஒன்று கடைத்தட்டிலிருந்து இறங்குகிறது, அந்த இடத்தில் முன்பின் கேட்டறியாத பெயர்கள் ஏறும். ஆனால் விலையேற்றம் என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை. புதிய மடிக்கணினிக்குள்ளும் இதே எஸ்எஸ்டியும் ராமும்தானே இருக்கின்றன? அதன் விலையும் கூடவே ஏறுகிறது. தேவையற்ற வேகத்துக்குப் பணம் கொடுப்பது மலிவுக் காலத்தில் ஆடம்பரமாக இருந்தது, இப்போது அது ஊதாரித்தனம்.

இந்த மருந்து எல்லா நோய்க்கும் அல்ல. 2 ஜிபி ராம் உள்ள 2011ஆம் ஆண்டுக் கணினியில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் சீக்கிரம் தொடங்கும், சீக்கிரமே திணறவும் செய்யும். குறைந்தது 4, முடிந்தால் 8 ஜிபி ராம் வேண்டும். பழைய டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. அந்தக் காலத்துச் செலரான் பிராசசர்கள் இன்றைய யூடியூப் வீடியோவைக் கூர்மையான தரத்தில் ஓட்டத் திணறும், எந்த எஸ்எஸ்டியும் அதைச் சரிசெய்யாது. பேட்டரியும் திரையும் கீலும் ஒன்றாகப் போயிருந்தால் அந்தக் கணினிக்கு விடைகொடுத்துவிடலாம். ஏற்கெனவே எஸ்எஸ்டி உள்ள கணினி ‘ஸ்லோ’ என்றால் நோய் வேறெங்கோ இருக்கிறது. இன்னொரு எஸ்எஸ்டி அதற்கு மருந்தல்ல. இடம் போதாமல் மாற்றுவது வேறு கதை.

தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. அந்த மடிக்கணினிகளுக்கான டெண்டரில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டன. ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்தது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அப்படியானால் ஏற்கெனவே கொடுத்த 50 லட்சத்தின் கதி? அதில் பத்தில் ஒன்று உயிரோடு இருந்தாலும் ஐந்து லட்சம் கணினிகள். ஒரு மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டுவது சில திருகுகளின் வேலை. ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். எல்காட் மொத்தமாகச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி அடக்க விலைக்குக் கொடுத்து, ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு பாலிடெக்னிக்கில் ஆண்டுக்கு இரண்டு முகாம் நடத்தினால், தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ ஒரு கணினி ஆகும். மூடி மேல் எந்த ஆட்சியின் படம் இருந்தாலும் உள்ளே போகும் திருகு ஒன்றுதான் என்பதால், இதைத் தொடங்க அடுத்த தேர்தல் அறிக்கை வரை காத்திருக்கவும் வேண்டாம்.